தாடைக்கு எட்டுகிற கிட்டார்

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற அனற்றுக்கு அங்கே பாம்புச்செவி என்று பேர். கொழுந்து அரைக்கும் உருளைகளும் தூள் சலிக்கும் மெஷின்களும் ஒன்றாக ஓடும்போது அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு விளங்காது. கையைக் காட்ட வேண்டும், வாயைக் கோண வேண்டும், கடைசியில் பக்கத்தில் போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மற்றவர்கள் அப்போதும் "என்னா? என்னா?" என்று முழிப்பார்கள். அனற் மட்டும் வேலையிலிருந்து நிமிராமலே, "சாக்கு வாசல்லதான் கெடக்கு, கண்ணத் தொறந்து பாருங்க" என்று பதில் சொல்வாள்.

அதே அனற், மெஷின்கள் நின்று எல்லோரும் தேத்தண்ணியோடு அமைதியாக உட்கார்ந்த பிறகு, யார் என்ன சொன்னாலும் சிரித்து மழுப்புவாள். புருஷன் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் என்பதால் தலைக்கனம் என்று சில பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள், அவள் ஒன்றும் பொறுமைசாலி அல்ல.

விஷயம் இதுதான்: இரண்டாவது பிள்ளை பிறந்த வருடத்திலிருந்து அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. இப்போது ஆறு வருடம். புருஷன் கிஷானைத் தவிர இது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு படத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். காதுக்குள்ளே மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன, கடைசி எலும்பு இறுகிப்போய் அசைய மாட்டேன் என்கிறது, அதனால் வெளிச் சத்தம் வாசலோடு நின்றுவிடுகிறது. ஒப்பரேஷன் செய்யலாம், வரிசை நீளம், அடுத்த வருடக் கடைசி ஆகும். அதுவரை காதில் மாட்டுகிற கருவி வாங்கலாம். கருவியின் விலையைச் சொன்னபோது மட்டும் அனற்றுக்கு ஒரே தடவையில் தெளிவாகக் கேட்டது.

தொழிற்சாலையில் மட்டும் காது கேட்பது ஏன் என்று அவள் டொக்டரிடம் கேட்கவில்லை. அதற்கு அவளிடமே ஒரு விளக்கம் இருந்தது. சுற்றிவரச் சத்தம் இருந்தால் என் காது திறந்துகொள்ளும், அமைதியானால் மூடிக்கொள்ளும். இப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். நம்பிக்கையாக இருந்தவரை நல்லதாகத்தான் இருந்தது.

கேட்காத காதோடு அவள் தோட்டத்து மாதா கோயிலில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் கிட்டார் அவள்தான். கோயில் கிட்டார் வயிறு பெருத்த பெரிய சாமான். அனற்றோ ஐந்தடிக்குக் குறைவு. அதை மடியில் வைத்தால் வலக்கை அக்குள் வரை தூக்கிக்கொள்ளும், முகத்தை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். அண்டாவைக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கிறது என்று கிஷான் கேலி செய்வான்.

விரல்களுக்குப் பழக்கம் இருந்ததால் வண்டி ஓடியது. ஈஸ்டர் காலைப் பூசையில்தான் குடை சாய்ந்தது. நிறைந்த சனத்தின் சூட்டுக்குத் தடித்த தந்தி இளகிப்போயிற்று. அது அவளுக்குத் தெரியவில்லை. மகிமைப் பாட்டு முழுவதையும் அந்த இளகிய தந்தியோடு, முகமெல்லாம் சந்தோஷத்தோடு வாசித்து முடித்தாள். பாடகர் குழு ஆளுக்கொரு சுருதியில் அலைந்தது. சாமியார் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

பாடகர் குழுவை நடத்துகிறவர் மரியகொறற்றி டீச்சர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "உனக்கு இப்பல்லாம் கவனமே இல்ல அனற். கொஞ்ச நாள் ஓய்வெடு. தாளம் போட்டுத் தர்ற கீபோர்டு ஒண்ணு பாப்போம்" என்றார். அனற் அழுதுகொண்டே, கிட்டார்தான் பழசு, தந்தி நிற்கவில்லை என்று பொய் சொன்னாள். டீச்சர் யோசித்துவிட்டு ஒரு தவணை கொடுத்தார். ஆவணி மாதத் திருநாளுக்கு முதல் பயிற்சி வருகிற ஞாயிறு. வயர் குத்தி ஒலிபெருக்கியில் போடக்கூடிய நல்ல கிட்டாரோடு வந்து, சுருதி பிசகாமல் வாசித்தால் திருநாளுக்கு அவள். இல்லாவிட்டால் கீபோர்டு.

அதனால்தான் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கலஹா பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தார்கள். உடம்பு சின்னதாக, விலை குறைவாக, வயர் குத்துகிற வசதியோடு ஒரு கிட்டார் வேண்டும். எல்லாவற்றையும்விட, அது அவளுக்குக் கேட்க வேண்டும். அந்த ஒன்றைக் கடைக்காரரிடம் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் கிஷானிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, துணிக்கடைக்குப் பக்கத்துக் கதவு அஸ்ஃபர் நானாவின் இசைக்கருவிக் கடை. மடவளை ஊர்க்காரர், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்கிற பேச்சு, நரைத்த தாடி, எந்தக் கிட்டாரைத் தொட்டாலும் முதலில் சட்டைநுனியால் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பார். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. அந்த அமைதி அனற்றுக்குப் பிடிக்கவில்லை.

"சின்ன உடம்பு கிட்டாரா? ஈக்கி, மூணு ஈக்கி. புள்ளைக்கா தங்கச்சி?"

"எனக்குத்தான் நானா. கோயில்ல வாசிக்க." அனற் அவர் உதட்டைப் பார்த்தே பதில் சொன்னாள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்ததில் குறை ஒன்றும் இல்லை, அளவு எடுத்தார். பிறகு மூன்றையும் இறக்கி வரிசையாக வைத்தார். ஒன்று தேன் நிறத்தில் பளபளத்தது. இன்னொன்று கறுப்பு, விளிம்பில் வெள்ளைக் கரை. மூன்றாவது மினுக்கம் எதுவும் இல்லாத பழுப்பு, அடுப்பங்கரைப் பலகை மாதிரி இருந்தது. மூன்றுக்கும் இடுப்பு ஒடுங்கி, வயிறு மெலிந்திருந்தது. தேன் நிறத்தை வாங்கி மடியில் வைத்தபோது அனற்றுக்கு ஆச்சரியமாக இருந்தது. தோள் தூக்கவில்லை, கை தானாகத் தந்தியில் போய் விழுந்தது.

வாசித்தாள். மெல்லிய தந்திகள் எங்கோ மூன்று வீடு தள்ளி யாரோ வாசிப்பதுபோல லேசாக வந்தன. தடித்த தந்திகள் இல்லவே இல்லை. விரல் நுனியில் ஒரு நடுக்கம், நெஞ்சில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான். கறுப்பிலும் அதே கதை.

"எப்படி?" என்று கடைக்காரர் கேட்டதும் வாயசைவில்தான் விளங்கியது.

அனற் தெருப் பக்கம் திரும்பினாள். பிறகு, "நானா, அந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து வைக்கிறீங்களா?" என்றாள்.

"கதவையா? இருவது வருசமா கட வச்சீக்கிறன். கிட்டார் பாக்க வாற ஆக்கள் மூடத்தான் செல்லுவாங்க."

"எனக்குத் தொறந்தாத்தான் சரி."

கிஷானுக்கு அவள் எண்ணம் புரிந்தது. அவனே எழுந்து கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, உட்கார்ந்திருந்த கதிரையை முட்டுக் கொடுத்தான். கண்டியின் சனிக்கிழமை மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. "திகன, திகன, திகன" என்று பஸ் போகிற ஊரைக் கொண்டக்டர் அலறினான். முச்சக்கர வண்டிகள் ஹோன் அடித்தன. லொத்தர்ச் சீட்டு விற்கிறவனின் பெட்டி பாடியது. அனற் கண்ணை மூடித் தன் காது திறப்பதற்காகக் காத்திருந்தாள். பிறகு தந்தியை மீட்டினாள்.

ஒன்றும் இல்லை. முன்பு கேட்ட மெல்லிய தந்திகளும் இப்போது அந்த இரைச்சலில் முழுகிப்போயின.

"தம்பி, எங்கயிருந்து வாறீங்க?" என்று கடைக்காரர் கத்தினார்.

"கலஹாவுக்கு அந்தப் பக்கம்!" என்று கிஷானும் கத்தினான்.

இரண்டு பேரும் பேசியது அனற்றுக்கு எழுத்து எழுத்தாகக் கேட்டது. அவள் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் இப்படித்தான் கத்துவார்கள். அந்த நிமிடம்தான் அவளுக்கு உண்மை விளங்கியது. சத்தத்தில் அவள் காது ஒருநாளும் திறந்ததில்லை. மெஷினுக்காக மற்றவர்கள் குரலை உயர்த்தினார்கள், அவள் அந்தக் குரலில் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள். கிட்டாருக்கு அந்த மரியாதை தெரியாது. அது பஸ்ஸுக்காகக் குரலை உயர்த்தாது.

ஆறு வருடமாகக் கட்டிவைத்த நம்பிக்கை இப்படிப் பொலபொலவென்று கொட்டிப்போனதில் அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. "வயரக் குத்துங்க நானா. பெட்டியில போட்டுப் பாப்போம்" என்றாள்.

கடைக்காரர் ஒலிபெருக்கிப் பெட்டியில் தேன் நிறத்தைக் குத்தினார். "கூட்டுங்க" என்றாள் அனற். கூட்டினார். "இன்னும்." இன்னும் கூட்டினார். "இன்னும்." கடைசியில் அவளுக்குத் தடித்த தந்தி கேட்கத் தொடங்கியபோது சுவரில் தொங்கிய கிட்டார்களெல்லாம் ஆடின. கிஷான் இரண்டு காதையும் பொத்தியிருந்தான். பக்கத்துத் துணிக்கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்து வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளுக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் சனம் கோயிலை விட்டு ஓட வேண்டியதுதான். அனற் கிட்டாரைக் கீழே வைத்தாள். "வாங்க போவோம். கீபோர்டே வாசிக்கட்டும்" என்றாள்.

கிஷான் கதவைச் சாத்திவிட்டு வந்து கடைக்காரருக்கு முன்னால் நின்றான். சத்தியத்தைக் காற்றில் விட்டான். "நானா, இவளுக்குக் காது கேக்கிறதில்ல. ஆறு வருசமா. கிட்டார்ல குத்தம் இல்ல."

உதடு அசைந்த விதத்திலேயே அனற்றுக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்துபோய், "இதச் சொல்லத்தான் என்னோட வந்தீங்களா?" என்றாள். கடைக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று, மிச்சமிருந்த பழுப்புக் கிட்டாரை எடுத்து ஒரு தடவை மீட்டினார். அது 'ஸ்ர்ர்ர்' என்று அதிர்ந்தது.

"இது ஆகாது. எங்கயோ என்னமோ ஆடுது. திருப்பி அனுப்பத்தான் வச்சீக்கிறன்" என்றார்.

இங்கே கிஷானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடுகிற ஒரு சாமானை ஆடவிட்டுவிட்டு அந்த இடத்தைவிட்டுப் போக அவனால் முடியாது. வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுக் காரில் சத்தம் வந்தாலும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். தொழிற்சாலையில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அவனிடம் ஒரு வழி உண்டு. அவ்வளவு இரைச்சலில் காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, பிடியைத் தாடையில் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். எலும்பு சொல்லும், காது பொய் சொல்லும் என்பான்.

"கொண்டாங்க நானா" என்று பழுப்பை வாங்கினான். மேல் விளிம்பில் தாடையை அழுத்திக்கொண்டு கடைக்காரரைத் தந்திகளைத் தட்டச் சொன்னான். ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, தாடையை மரத்தோடு நகர்த்திக்கொண்டே வந்தான். கிட்டாருக்கு முத்தம் கொடுக்கிறான் போல இருந்தது. இவ்வளவு துக்கத்திலும் அனற்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதான்!" என்று பட்டரி மூடிக்குப் பக்கத்தில் தலைமயிர் கனத்தில் தளர்ந்திருந்த ஒரு சின்னத் திருகாணியைத் தொட்டுக் காட்டினான். பொக்கட்டிலிருந்து திருப்புளியை எடுத்தான். சனிக்கிழமை கண்டிக்கு வருகிறபோதும் திருப்புளியோடு வருகிறவன் அவன். அரைத் திருப்புத் திருப்பினான். அதிர்வு நின்றது.

"நீ வச்சுப் பாரு. சரியாப்போச்சு" என்று வெற்றிக் களிப்பில் கிட்டாரைப் பெண்டாட்டி பக்கம் நீட்டினான். சண்டைக்குச் சமாதானமாகவும் இருக்கட்டுமே என்ற எண்ணம்.

அவள் அவனைப் பழித்துக் காட்டத்தான் அப்படிச் செய்தாள். அவனைப்போலவே பல்லைக் கடித்து, முழியை உருட்டி, தாடையை விளிம்பில் அழுத்தி, வலக்கைக் கட்டை விரலால் தடித்த தந்தியைத் தட்டினாள்.

தட்டிய கை அப்படியே நின்றது.

சத்தம் பல்லில் தொடங்கி, கன்னத்து எலும்பில் ஏறி, தலை முழுக்க நிறைந்தது. அது அந்தத் தந்திதான், வேறு எதுவும் இல்லை. ஆறு வருடமாக விரல் நுனியில் வெறும் நடுக்கமாகச் செத்துக் கிடந்த தந்தி. கனமாக, வட்டமாக, நடுவில் ஒரு மெல்லிய இரும்பு வாசனையோடு அது ஒலித்தது. ஒலித்துவிட்டு உடனே ஓடிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, மெலிந்தது, இன்னும் மெலிந்தது, இப்போது போய்விடும் என்று நினைத்த பிறகும் ஒரு நூலளவு நின்றது. ஒரு தந்தியின் சத்தத்துக்கு இப்படி ஒரு கடைசி உண்டு என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

மறுபடியும் தட்டினாள். மறுபடியும் வந்தது. ஒருவேளை மனப்பிராந்தியாக இருக்குமோ என்று தாடையை எடுத்துவிட்டுத் தட்டினாள். ஒன்றும் இல்லை, செத்த தந்தி. வைத்தாள், உயிர் வந்தது. எடுத்தாள், போயிற்று. வைத்தாள்.

"பல்லு பட்டிச்சா? என்னா அனற்? வலிக்குதா?" கிஷான் பயந்துபோனான். அவள் கன்னங்களில் கண்ணீர் தாரை தாரையாக இறங்கிக் கிட்டாரின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"கேக்குது" என்றாள்.

"என்னா கேக்குது?"

"எல்லாம் கேக்குதுங்க. எல்லாம்."

விரல்களைக் கூட்டிப் பல சுரம் சேர்ந்த ஒரு கோர்ட் பிடித்தாள். ஆறு தந்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரே உருவமாக நின்றன. இன்னொன்று பிடித்தாள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது விரல் தந்தியில் உரசுகிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது. அந்த உரசல் அவளை உலுக்கிவிட்டது. தான் வாசிக்கும்போது உலகத்தில் அப்படி ஒரு சத்தம் நடக்கிறது என்றும், இத்தனை நாளும் அது தன்னை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தது என்றும் நினைத்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே வாசித்தாள். அவள் குரலும் கிட்டாரும் தலைக்குள்ளே ஒரே வீட்டில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தபோது நன்றாகக் கேட்டது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அது சோதனை என்று மட்டும் நினைத்தாள். வாசல் அடைத்திருந்தாலும் சுவர் வழியாக வரலாம் என்று அந்த டொக்டர் எலும்பிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார், அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. கிஷானின் நிலைமை இன்னும் மோசம். பதினான்கு வருடமாக பேரிங்குக்குச் செய்ததை ஒருநாளாவது பெண்டாட்டிக்குச் செய்து பார்க்கவில்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

அஸ்ஃபர் நானா அவள் வாசித்து ஓய்ந்ததும் பக்கத்தில் வந்து, தந்திகள் மரத்தில் வந்து முடிகிற இடத்தில் இருந்த வெள்ளைப் பட்டியைத் தொட்டுக் காட்டினார். அவளுக்குக் கேட்கட்டும் என்று நிறுத்தி நிறுத்தி, சத்தமாகச் சொன்னார்.

"தங்கச்சி, வயர் குத்துற கிட்டாருக்கு உள்ளுக்கு மைக் ஈக்கிண்டுதான் எல்லாரும் நெனக்கிற. இதுல மைக் இல்ல. இந்தப் பட்டிக்குக் கீழ மெல்லிசா ஒரு துண்டு ஈக்கி. அது காத்துல வாற சத்தத்த எடுக்கிறல்ல. மரம் நடுங்கிறதத் தொட்டுத்தான் எடுக்கும்."

அனற் அந்த வெள்ளைப் பட்டியைப் பார்த்தாள். "அப்ப இதுக்கும் காது இல்லயா நானா?"

"இல்ல. தொட்டுக் கேக்கிற சாமான்."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. இருபது வருடமாக எத்தனையோ பேருக்கு இதே விளக்கத்தைச் சொல்லிக் கிட்டார் விற்றிருக்கிறார். தாடியை ஒதுக்கிவிட்டு, குனிந்து, கறுப்புக் கிட்டாரின் விளிம்பில் தாமும் தாடையை வைத்து ஒரு தந்தியைத் தட்டினார். "சுபஹானல்லாஹ்" என்றார் மெதுவாக.

அதன் பிறகு கிட்டார் தெரிவு செய்வது புதுசாகத் தொடங்கியது. இந்தத் தடவை அனற்றுக்கு அவசரமே இல்லை. மூன்றையும் தாடையால் கேட்டாள். தேன் நிறத்துக்கு வார்னிஷ் தடிப்பு, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலச் சத்தம் மூடிக்கிடந்தது. கறுப்பின் வெள்ளைக் கரை தாடையை வெட்டியது, ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. பழுப்புக்கு மினுக்கம் இல்லை, அதனால் மரத்துக்கும் அவள் எலும்புக்கும் இடையில் எதுவும் இல்லை. தோள்வாரை நன்றாக ஏற்றிக் கட்டினால் மேல் விளிம்பு சரியாகத் தாடைக்கு வந்து நின்றது, நின்றுகொண்டும் வாசிக்கலாம். "இதுதான்" என்றாள். திருப்பி அனுப்ப வைத்திருந்த சாமான் என்பதால் விலையும் அவர்கள் கொண்டுவந்ததுக்குள் அடங்கியது. இரண்டு செட் தந்தியை அஸ்ஃபர் நானா கேட்காமலே பையில் போட்டார்.

மறுநாள் பூசை முடிந்ததும் பாடகர் குழு கோயிலின் இடப்பக்கத்து மூலையில் கூடியது. பன்னிரண்டு பேர். மரியகொறற்றி டீச்சர் பாட்டுக் கொப்பியோடு முன்னால் நின்றார். அனற் பழுப்புக் கிட்டாரைத் தோளில் மாட்டினாள். வாரை இவ்வளவு ஏற்றிக் கட்டியிருப்பதைப் பார்த்து இரண்டு பேர் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் ராத்திரியே அனற் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தாடையை மரத்தில் வைத்து வாசிக்கிறதுக்கு ஆயிரம் பொய் சொல்லலாம். கழுத்து வலி எனலாம், புது முறை எனலாம். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"டீச்சர், வாசிக்க முந்தி ஒண்ணு சொல்லணும்" என்றாள். தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது, கோயில் முழுக்கக் கேட்டது. "எனக்குக் காது கேக்காது. சின்னவன் பொறந்ததிலருந்து. கிட்டார் பழசுன்னு சொன்னது பொய். ஈஸ்டர் அன்னைக்குத் தந்தி எளகினது எனக்குத் தெரியல. இப்ப தாடைய இப்படி வச்சா இது எனக்குக் கேக்குது. வாசிச்சுக் காட்டுறேன். பெறகு நீங்க முடிவு சொல்லுங்க."

அவள் விளிம்பில் தாடையை வைத்து, தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். டீச்சர் தன் சின்ன ஊதுகுழலைச் சுருதிக்கு எடுத்தவர் ஊதாமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார், அனற் முறுக்கியது அவ்வளவு சுத்தமாக இருந்தது. பிறகு மகிமைப் பாட்டை வாசித்தாள். ஈஸ்டரில் சிதறிப்போன அதே பாட்டு. முதல் வரியில் இரண்டு பேர் பாடினார்கள், மூன்றாவது வரியில் பன்னிரண்டு பேரும் பாடினார்கள். கிட்டாரின் மெல்லிய பலகை அந்தக் குரல்களுக்குச் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு தாடை வழியாக ஏறி வந்தபோது அனற் ஒரு கணம் தடுமாறிப்போனாள். கிட்டார் தன் சத்தத்தை மட்டும் தருகிறது என்று நினைத்திருந்தாள். அது மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. மங்கலாகத்தான், ஆனாலும் ஆண்களின் அடிக்குரல் அதில் இருந்தது. தலைக்குள்ளே ஒரு கோயில் பாடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. உள்ளங்கையால் தந்திகளை அமர்த்தி, தாடையை எடுக்க மனம் இல்லாமல் அப்படியே நின்றாள்.

"ஒலிபெருக்கியில போட்டும் பாத்துருவோம்" என்று டீச்சர் சைகையால் காட்டிவிட்டு, வயரைத் தாமே எடுத்துவந்து, கிட்டாரின் பக்கத்துத் துளையில் குத்தக் குனிந்தார். வயசான கண்ணுக்குத் துளை உடனே அகப்படவில்லை. முகத்தைக் கிட்டாருக்கு மிகவும் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினார். தேடிக்கொண்டே, தமக்குத்தாமே, வாய்க்குள் முணுமுணுத்தார்.

"ஆறு வருசம். என் கண்ணு முன்னால நின்னு தவிச்சிருக்கு. கவனமில்லன்னு ஏசினேனே, பாவி நான்."

அது கிட்டாரின் வயிற்றுத் துவாரத்தில் விழுந்து, பலகையில் படர்ந்து, அனற்றின் எலும்பில் ஏறியது. கத்திய குரல் இல்லை. கழுத்து நரம்பு புடைக்காத, யாருக்கும் என்று எறியப்படாத, ஒரு மனுஷியின் சாதாரணக் குரல். ஆறு வருடத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. பேசியிருந்தாலும் அது அவள்வரை வந்து சேர்ந்ததில்லை.

"ஏசினா என்னா டீச்சர், விடுங்க" என்றாள் அனற்.

டீச்சர் வயரைப் பிடித்தபடியே மெல்ல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் தாடை படிந்திருந்த மரத்தைப் பார்த்தார்.

அவர் மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை துளையைத் தேடவில்லை. கிட்டாரின் துவாரத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில், "திருநாளுக்கு நீதான்டி வாசிக்கிற" என்றார்.

அங்கே நின்ற அத்தனை பேரில் அந்தச் சொல்லை அனற் ஒருத்திதான் கேட்டாள்.